சிறை வாசலில் முதல் நாள்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தாய் எமது காரியாலயத்துக்கு வந்தார். அன்று பிரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனுடைய சாரம் ஒன்று, துவாய் ஒன்று, நான்கு ரொட்டி, ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர் ஒன்று.

"மகனுக்கு கோட்டுல தண்டனை குடுத்துட்டாங்க ஐயா. மூணு நாளாச்சு. எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல்லங்க" என்றார்.

லயத்தில் யாரோ "போகம்பரையிலதான் இருப்பான்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் கண்டிக்குப் போய், டவுனில் விசாரித்து, போகம்பரை மதிலைச் சுற்றி வந்திருக்கிறார். 1876ஆம் ஆண்டிலிருந்து இயங்கிய போகம்பரைச் சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் பல்லேகலைக்கு மாற்றப்பட்ட விடயம் அவருக்கு எப்படித் தெரியும்? நம்மில் பலருக்கு ஜெயில் என்றாலே இன்றைக்கும் போகம்பரைதான். பிறகு வேறொரு சிறைச்சாலை வாசலில் போய்க் கேட்டபோது, "அப்படி ஒரு பெயரில் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் மகன் அந்த மதிலுக்கு உள்ளேதான் இருந்தான். அம்மா சொன்னது வீட்டில் கூப்பிடும் பெயர். அங்கே எழுதியிருந்தது பிறப்புப் பத்திரத்துப் பெயர். அதுவும் தகப்பன் பெயர் முன்னால் வந்து, சிங்களத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறி, நாமே வாசித்தாலும் அடையாளம் தெரியாத ஒரு பெயராகிப் போயிருந்தது.

பையில் இருந்த மாத்திரை வலிப்பு வியாதிக்கானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இதை எழுதுவதா என்று நாம் கொஞ்சம் யோசித்தோம். நமது பத்திரிகையில் ஊழியர் சேமலாப நிதி பற்றி எழுதலாம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதலாம், சிறையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ஒருவர் உள்ளே போன பிறகு அலைகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். தோட்ட மக்களுக்கும் சிறைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததுமல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், துரையிடம் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனதற்கே நமது பாட்டன் பூட்டன்மாரைச் சிறையில் அடைக்க முடிந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனை நீங்கியது. களவோ கொலையோ இல்லை, வேலையை விட்டுப் போனதற்கு ஜெயில்! அந்தக் கதையை இன்னொரு தடவை விரிவாக எழுதுவோம்.

இப்போது விடயத்துக்கு வருவோம். தண்டனை பெற்ற ஒருவரைச் சிறைச்சாலையில் முதல் நாள் என்ன செய்கிறார்கள்?

நீதவான் தண்டனையைச் சொன்னவுடன் ஆளை நீதிமன்றக் கூண்டுக்குக் கொண்டு போவார்கள். அங்கே மாலை வரை வைத்திருந்து, அன்றைக்குத் தண்டனை பெற்றவர்களையும் விளக்கமறியலுக்குப் போகிறவர்களையும் சேர்த்துச் சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றுவார்கள். மலையகத்து நீதிமன்றங்களிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் பல்லேகலையில் உள்ள தும்பறைச் சிறைச்சாலைக்கோ பதுளைச் சிறைச்சாலைக்கோதான் போவார்கள். ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பிப் பஸ் ஏற வேண்டாம். பஸ் புறப்படுமுன், நீதிமன்றத்தில் நிற்கும் சிறைக்காவலரிடமோ உங்கள் சட்டத்தரணியிடமோ "எந்தச் சிறைச்சாலைக்குக் கொண்டு போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழுதுகொண்டு நிற்கும் நேரத்தில் இதைக் கேட்க வாய் வராதுதான். கூட வந்த மாமனோ சித்தப்பாவோ கேட்கலாமே.

அதே நேரத்தில் இன்னொன்றும் செய்ய வேண்டும். அவர் போட்டிருக்கும் மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம், கையில் உள்ள டெலிபோன், காசு இவற்றை அங்கேயே வீட்டார் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெண் என்றால் தோடு, மூக்குத்தியையும் மறக்க வேண்டாம். அடையாள அட்டையின் நகல் ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள்.

பஸ் சிறைச்சாலைக்குள் போனதும் முதலில் ஆள் கணக்கு எடுப்பார்கள். நமக்குத் தெரிந்த பிரட்டுக்களம் போலத்தான். வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும் பெயர் வாரண்டில் உள்ள பெயர். வாரண்ட் என்றால் ஆளைப் பிடிக்கும் பிடியாணை மட்டும்தான் என்று நினைப்போம். இது வேறு. "இன்னாரை இன்ன குற்றத்துக்கு இத்தனை காலம் வைத்திருக்கவும்" என்று நீதிபதி சிறைச்சாலை அத்தியட்சகருக்குக் கொடுக்கும் கட்டளை இது. இந்தக் கடதாசி இல்லாமல் ஒருவரைச் சிறைச்சாலை உள்ளே எடுக்க முடியாது. இந்தக் கடதாசியில் உள்ளபடிதான் வெளியே விடவும் முடியும். ஆகவே வாசலில் இருக்கும் அதிகாரி இதை நன்றாகப் பார்ப்பார். பெயர், வழக்கு இலக்கம், குற்றம், தண்டனை சொன்ன திகதி, நீதிபதியின் கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புத்தகத்தில் ஏற்றுவார்.

தண்டனை எந்த வகை என்பதும் அதில் இருக்கும். கடூழியச் சிறை என்றால் உள்ளே வேலை செய்ய வேண்டும். சாதாரண சிறை வேறு. இரண்டு குற்றங்களுக்கு இரண்டு தண்டனை என்றால், இரண்டும் ஒரே காலத்தில் கழிகின்றனவா, ஒன்று முடிந்த பிறகு மற்றதா என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஆறு மாதமும் ஆறு மாதமும் சேர்ந்து கழிந்தால் ஆறு மாதம். ஒன்றன் பின் ஒன்றாகக் கழிந்தால் ஒரு வருடம். ஏற்கனவே விளக்கமறியலில் இருந்த காலத்தைப் பற்றி நீதிபதி ஏதாவது சொல்லியிருந்தால், அதுவும் வாரண்டில் ஏறியிருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் வாயால் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்தால் போதாது. சிறைச்சாலைக்கு அந்தக் கடதாசிதான் பேசும்.

பெயர் விடயத்தில் நமது ஆட்களுக்கு வரும் சிக்கல் மற்றவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு விதமாக ஒரு பெயர். கோயிலில் வைத்த பெயர் வேறே. தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போடுகிறவரும் உண்டு, முழுதாகப் போடுகிறவரும் உண்டு. பொலிசில் வாக்குமூலம் எழுதும்போது எப்படி எழுதினார்களோ அந்தப் பெயர்தான் வழக்குக்குப் போகும், அங்கிருந்து வாரண்டுக்குப் போகும், கடைசியில் சிறைப் புத்தகத்துக்கும் அதுவே போகும். ஆகவே வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது அந்தப் பெயரைத்தான். நீதிமன்றத்தில் கூப்பிடும்போது என்ன பெயரைக் கூப்பிட்டார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, வழக்கு இலக்கத்தோடு ஒரு துண்டில் எழுதி வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கணக்கெடுத்த பிறகு சோதனை. ஆண்களை ஆண் அதிகாரிகளும் பெண்களைப் பெண் அதிகாரிகளும்தான் சோதிக்க வேண்டும். உடுப்பை எல்லாம் பார்ப்பார்கள். முதல் தடவை போகிறவருக்கு இது மிகுந்த வெட்கத்தைத் தரும் வேளை. எதிர்த்துப் பேசினாலும் மறைக்கப் பார்த்தாலும் வில்லங்கம்தான் கூடும். புகையிலை, சுருட்டு, வெற்றிலைச் சரை என்று சும்மா மடியில் வைத்திருப்பதைக்கூட முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிடுவது புத்தி. கையில் இருந்த பணத்தையும் சாமான்களையும் ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். விடுதலையாகும்போது அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன், எழுதியது சரியா என்று வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஐயாயிரம் இருந்தால் ஐயாயிரம் என்று எழுதப்பட வேண்டும்.

பிறகுதான் கேள்விகள். வயது, பிறந்த இடம், சமயம், படிப்பு, தொழில், கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் எத்தனை, முன்னர் உள்ளே வந்ததுண்டா, வீட்டில் யாருக்கு அறிவிக்க வேண்டும். கேட்பவருக்குத் தமிழ் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் நமது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிடுகிறார்கள். துரைக்கு முன்னால் நின்று பழகிய பழக்கம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. ஒரு வார்த்தை "எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அங்கே தமிழ் தெரிந்த அதிகாரி இல்லாவிட்டாலும் தமிழும் சிங்களமும் தெரிந்த இன்னொரு கைதி அநேகமாக இருப்பார். சிறைக்கு வருகிறவருக்கு அங்குள்ள விதிகளையும் அவருடைய உரிமைகளையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், அவர் இருக்கும் இடத்தை உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்க அவருக்கு வசதி கொடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் விதிகளும் சொல்கின்றன. 1955இல் வந்த அந்த விதிகள் 2015இல் திருத்தப்பட்டு, இப்போது நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படுகின்றன. 27 வருடம் உள்ளே இருந்தவரின் பெயரை வைத்தது பொருத்தம்தான்.

விலாசம் சொல்லும் இடத்தில் தயவுசெய்து கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்துவிடும். மேல் பிரிவா கீழ்ப் பிரிவா, எந்த லயம், எத்தனையாவது காம்பரா, எந்தத் தபால் கந்தோர் என்று சொல்ல வேண்டும். இன்னும் நல்லது, டவுனில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவருடைய விலாசத்தையும் டெலிபோன் இலக்கத்தையும் கொடுப்பது. வீட்டு டெலிபோன் இலக்கத்தை மனப்பாடம் செய்தவர் இன்றைக்கு எத்தனை பேர்? எல்லா இலக்கமும் டெலிபோனுக்கு உள்ளேதான் இருக்கிறது, அந்த டெலிபோன் உள்ளே போகாது. வழக்கு உள்ளவர் ஓர் இலக்கத்தையாவது மனதில் வைத்திருக்க வேண்டும்.

உயரம், நிறை, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு, கைரேகை, படம் என்று மற்றவை சீக்கிரமாக முடிந்துவிடும். அவை ஆளை அடையாளம் காண்பதற்கு. அவ்வளவுதான்.

அடுத்தது வைத்தியர். இதில்தான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. புதிதாக வருகிறவரைச் சிறைச்சாலை வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்பது பழைய காலத்திலிருந்தே உள்ள சட்டம். வேலை செய்யக்கூடியவரா, தொற்று நோய் உண்டா, தொடர்ந்து மருந்து எடுப்பவரா என்று அவர் எழுதி வைப்பார். ஆனால் ஒரே மாலையில் பலர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். நமது சிறைச்சாலைகளில் இருக்க வேண்டியவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலானவர்கள் அடைந்து கிடக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம். அந்த நெரிசல் வைத்தியரின் வரிசையிலும் உண்டு. ஆகவே அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்ல வேண்டும்: சீனி வியாதி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, காச நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், வலிப்பு வரும், பிள்ளை உண்டாகியிருக்கிறேன். காச நோய் மருந்து இடையில் நின்றால் வியாதி அடங்காமல் மறுபடியும் தலை தூக்கும், பிறகு அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். அடைந்து கிடக்கும் இடத்தில் அது மற்றவர்களுக்கும் பரவும்.

முதலில் சொன்ன அந்த அம்மாவின் மகன் வைத்தியருக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டான். "ஏதாவது வருத்தம் இருக்கா" என்று சிங்களத்தில் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை, இல்லை என்பது போல் ஆட்டியிருக்கிறான். மாத்திரையோ அம்மாவின் பையில். இரண்டாவது இராத்திரி வலிப்பு வந்து, சீமெந்துத் தரையில் விழுந்து நெற்றி வெடித்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சத்தம் போட்டுக் காவலரைக் கூப்பிட்டதால் பிழைத்தான். ஆகவே கிளினிக் அட்டையின் நகலையும் மருந்தின் பெயர் எழுதிய துண்டையும் வழக்குத் தீர்ப்பு நாளில் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போவது நல்லது. மாத்திரையை உள்ளே கொண்டு போக விடாவிட்டாலும் துண்டை வைத்தியர் பார்ப்பார்.

இன்னொரு விடயம். இதைச் சொல்ல நமது ஆட்கள் வெட்கப்படுகிறார்கள். தினமும் கசிப்போ சாராயமோ குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள்ளேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய நிலை அது. மருந்து கொடுத்தால் தடுக்கலாம். "தினமும் குடிப்பேன் டொக்டர்" என்று சொல்வதால் தண்டனை கூடாது. பொலிசில் அடி வாங்கியிருந்தாலும் இந்த வைத்தியரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். காயத்தை அவர் அன்றைக்கே எழுதினால் அது சாட்சி. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை ஒரு குற்றம். காயம் ஆறிய பிறகு சொன்னால் அதை நிரூபிப்பது பெரும்பாடு. அதை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வீட்டாரும் முறையிடலாம், டெலிபோன் இலக்கம் 1996.

வைத்தியர் பார்த்த பிறகு, தண்டனை பெற்றவருக்குச் சிறை உடுப்பு. ஆண்களுக்கு வெள்ளை உடுப்பு, அதன் சட்டையை "ஜம்பர்" என்பார்கள். விளக்கமறியலில் இருப்பவர் தமது சொந்த உடுப்பை உடுத்தலாம், வீட்டுச் சாப்பாட்டையும் எடுக்கலாம். தண்டனை பெற்றவருக்கு அது இல்லை. அந்த அம்மாவின் பையில் இருந்த சாரமும் ரொட்டியும் இதனால்தான் வாசலிலேயே நின்றுபோயின. இரண்டு மாதம் விளக்கமறியலில் இருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்ததுதானே, இப்போது மட்டும் ஏன் கூடாது என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. ஒருவருக்கு ஓர் இலக்கமும் கொடுப்பார்கள். கடிதம் எழுதும்போதும் பார்க்கப் போகும்போதும் அந்த இலக்கத்தைச் சொன்னால் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது.

பிறகு ஆட்களைப் பிரிப்பார்கள். ஆண்களையும் பெண்களையும் சேர்த்து வைக்க முடியாது. முதல் தடவை தண்டனை பெற்றவர், மறுபடி வந்தவர், அடிக்கடி வந்து போகிறவர் என்று மூன்று வகை உண்டு. முதல் தடவைக்காரரைப் பழைய ஆட்களோடு சேரவிடாமல் வைப்பது நோக்கம். நோக்கம் நல்லது, இடம் இல்லாத இடத்தில் எவ்வளவு நடக்கிறது என்பது வேறு விடயம். நீண்ட காலத் தண்டனைக்காரரை வெலிக்கடை, மகர போன்ற பெரிய சிறைகளுக்கு மாற்றலாம். இளம் வயதினருக்குப் பதுளைப் பக்கம் தல்தெனையில் தனி நிலையம் இருக்கிறது. ஆகவே முதல் நாள் இருந்த இடத்திலேயே கடைசி வரை இருப்பார் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் "மாத்துறதா ஏதும் கதை இருக்கா?" என்று நலன்புரி அலுவலரிடம் கேட்டு வரலாம். கைக்குழந்தையோடு தாய் போனால் குழந்தையையும் கூட வைத்திருக்க இடமுண்டு. அந்தக் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தையும் கிளினிக் கொப்பியையும் வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

விடுதலைத் திகதியையும் அந்த முதல் நாட்களிலேயே கணக்கிடுவார்கள். திகதி இரண்டு. ஒன்று முழுத் தண்டனையும் கழிந்தால் வரும் நாள். மற்றது நன்னடத்தைக்காகக் கிடைக்கும் கழிவைக் கழித்து வரும் நாள். ஒழுங்காக இருந்தால் முந்தியது. குழப்படி செய்தால் கழிவு போய்விடும். இரண்டையும் கேட்டு எழுதி வைக்கலாம். வெசாக், சுதந்திர தினம் போன்ற நாட்களில் ஜனாதிபதி பொதுமன்னிப்பு கொடுப்பதுண்டு. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை அவருக்குக் கொடுத்த அதிகாரம் அது. யாருக்குக் கிடைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "நான் பேர் சேர்த்து விடுறேன்" என்று காசு கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனித் தண்டப்பணம். நமது தோட்டங்களிலிருந்து உள்ளே போகிறவர்களில் பலர் இதனால்தான் போகிறார்கள். தோட்டத்தில் மட்டுமல்ல, நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்தாலும், தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போனவர்களாகவே பல ஆண்டுகளில் இருந்திருக்கிறார்கள். குற்றம் பெரிதில்லை, காசுதான் இல்லை. இதில் இரண்டு விடயங்களை நமது ஆட்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள்.

முதலாவது, தண்டப்பணத்துக்குப் பதிலாக உள்ளே இருப்பவர், பணத்தை எந்த நாளில் கட்டினாலும் அந்த நாளில் வெளியே வரலாம். கழிந்த நாட்களுக்கு ஏற்றபடி கட்ட வேண்டிய தொகையும் குறையும். கணக்குக்காக ஒன்று சொல்கிறோம். 30,000 ரூபா தண்டம், கட்டாவிட்டால் 90 நாள் சிறை என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் உள்ளே இருந்துவிட்டார். மிச்சம் 60 நாளுக்கு 20,000 ரூபா கட்டினால் போதும். தோட்டைக் கொண்டுபோய் முப்பதாயிரத்துக்கும் அடகு வைத்துவிட்டு ஓடுமுன், அன்றைய திகதிக்கு எவ்வளவு என்று நீதிமன்றக் காரியாலயத்திலோ சிறைச்சாலையிலோ கேளுங்கள். கட்டிய ரசீதைக் கையில் வாங்காமல் வர வேண்டாம். தீர்ப்பு நாளிலேயே தவணை முறையில் கட்ட அனுமதிக்கும்படி சட்டத்தரணி மூலம் நீதிபதியிடம் கேட்டும் பார்க்கலாம். கேட்காதவருக்கு யார் கொடுப்பார்கள்?

இரண்டாவது, சிறையும் தண்டப்பணமும் சேர்த்து விதித்திருந்தால், சிறைக் காலம் முடிந்த அன்று ஆள் வருவார் என்று வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். தண்டப்பணம் கட்டாவிட்டால் அதற்கான சிறை அதன் பிறகுதான் ஆரம்பமாகும். வாசலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

மேன்முறையீட்டுக்கு இருப்பது 14 நாள். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பானாலும் மேல் நீதிமன்றத் தீர்ப்பானாலும் அதுதான். இடையில் வரும் லீவு நாட்களைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர், அந்த 14 நாளுக்குள் தமது மேன்முறையீட்டைச் சிறை அதிகாரிகளிடம் வாயாலோ எழுத்தாலோ அறிவிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை இடம் கொடுக்கிறது. நீதவான் நீதிமன்றத் தண்டனை என்றால் அதே நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாவிட்டால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவி செய்யும். அதன் காரியாலயங்கள் நீதிமன்றங்களை ஒட்டியே இருக்கின்றன. அந்த அம்மாவைப் போல் மூன்று நாள் ஆளைத் தேடுவதிலேயே போனால் மிச்சம் பதினொன்றுதான். "சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கோ இந்த வழி பெரும்பாலும் சுருங்கிப் போயிருக்கும். ஒப்புக்கொள்ளுமுன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுவது அதனால்தான் முக்கியம். 2 வருடத்துக்கு மேற்படாத தண்டனையை நீதிபதி ஒத்திவைக்கவும் முடியும். சில வழக்குகளில் சிறைக்குப் பதிலாக, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, வெளியில் இருந்தே சமூக வேலை செய்து கழிக்கவும் கட்டளையிடலாம். இவற்றையெல்லாம் தண்டனை சொல்லுமுன்னர்தான் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவோடு எமது வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மறுநாள் போனார். வழக்கு இலக்கத்தை நீதிமன்றத்தில் எடுத்துக்கொண்டு போனதால், வாசலில் ஐந்து நிமிடத்தில் ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. நெற்றியில் தையலோடு மகன் வந்து நின்றான். மாத்திரைக் கவரை வாங்கிய அதிகாரி அதை வைத்தியருக்கு அனுப்பினார். அடுத்த தடவை அம்மா தனியாகவே போய் வந்தார். போகுமுன் எம்மிடம் வந்து, மகனுடைய பெயரை அந்தப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, தமிழிலும் சிங்களத்திலுமாக, இலக்கத்தோடு ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டார். மழையில் நனையாமல் அதைப் பொலித்தீனில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.